நீர்க்காகத்தின் எண்ணெயும் சேம்பிலையும்

மனிதரும் விலங்கும் பறவையும் செடியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உயிர்கள் தங்கள் தோலையும் ரோமத்தையும் இறகையும் நாம் சட்டையைக் கழற்றுவதுபோலக் கழற்றி வைக்கும், வேண்டும்போது மாட்டிக்கொள்ளும். வெயில் நாட்களில் ஆற்றங்கரைப் பாறையெல்லாம் கம்பளியும் இறகுச்சட்டையுமாகக் காய்ந்து கிடக்கும். யாரும் யாருடையதையும் எடுத்ததில்லை. அளவு சேராது என்பதும் ஒரு காரணம்.

அப்போது நீர்க்காகத்திடம் இருந்த மழைச்சட்டைக்கு ஈடாக வேறு யாரிடமும் ஒன்று கிடையாது. அதன் வாலடியில் ஓர் எண்ணெய் ஊற்று இருந்தது. அலகால் தொட்டுத் தொட்டு இறகு முழுக்கப் பூசிக்கொள்ளும். எப்படிப்பட்ட மழையானாலும் துளி மேலே விழுந்து உருண்டு ஓடிவிடும். ஆனால் அந்த எண்ணெய்ப் பூச்சால் அது தண்ணீரில் தக்கையாக மிதந்தது. மூழ்க வராது. மேலாக நீந்துகிற பொடிமீனையும் தலைப்பிரட்டையையும் தின்று காலம் தள்ளியது.

ஆற்றங்கரைச் சேம்போ அதற்கு நேர்மாறு. அகலமான இலைதான், ஆனால் பழந்துணி மாதிரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கிவிடும்.

மலையின் உச்சிச் சரிவில் காரைமேடு என்று ஓர் ஊர் இருந்தது. ஒரு வருஷம் ஆனியில் பிடித்த மழை ஆடி முடிந்தும் விடவில்லை. கூரைகள் ஒழுகின. விறகு ஊறிப்போயிற்று. இந்த வீட்டு அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டில் தணல் வாங்குவார்கள். அந்த வீட்டில் அணைந்தால் அதற்கடுத்த வீடு. இப்படியே போய், கடைசியில் ஊரில் எந்த அடுப்பிலும் நெருப்பு இல்லை. தீக்கடையும் கோலும் ஈரத்தில் ஊறி, எவ்வளவு கடைந்தாலும் வெறும் சேறாகத்தான் உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அந்த ஊரில் மாதி என்பவளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. பிறந்தபோது நன்றாக அழுதது. மறுநாள் அழுகை குறைந்தது. உதடு நீலம் பாரித்தது. மாதி பிள்ளையை மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, "அக்கா, இவ உடம்பு சூடே ஆக மாட்டேங்குது" என்றாள்.

அக்காள் பெயர் கெம்பி. எதையும் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்காமல் விடமாட்டாள். அதற்காகச் சின்ன வயதில் தேள் கொட்டியும் இருக்கிறது. அவள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஓடைக்கல் போலச் சில்லென்று இருந்தது.

"அடிவாரத்துச் சூளையில நெருப்பு இருக்கும். எடுத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள்.

மாதியின் புருஷன், "இந்த மழையில நெருப்பை எப்படி மேல ஏத்துவே, மதினி? நானே ரெண்டு தரம் பாதி வழியில தொலைச்சுட்டு வந்தேன்" என்றான்.

"எதனால அணைஞ்சுது?"

"மழையாலதான். வேற எதனால?"

"அதைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அடிவாரத்தில் சூளை வைத்திருந்தவள் வெள்ளச்சி. குடமும் சட்டியும் சுடுகிறவள். கொட்டகை அகலமானது, மழை உள்ளே வராது. எருமையும் செம்மறி ஆடும் அங்கே ஒதுங்கியிருந்தன. ஆற்றோர மரத்திலிருந்து நீர்க்காகமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் காரியம் என்றால் அதற்கு அவ்வளவு ஆவல்.

கெம்பி சொன்னதைக் கேட்டதும் வெள்ளச்சி ஒரு கலயத்தில் சாம்பலைப் பரப்பி, புளியங்கட்டைக் கங்குகளை அள்ளிப் போட்டாள். "கங்கு எவ்வளவு வேணுமானாலும் தர்றேன், தாயி. மூடத்தான் என்கிட்ட எதுவும் இல்ல. மண்மூடி போட்டா நெருப்பு செத்துரும். போடாட்டி நனைஞ்சுரும்."

எருமை தலையைத் தூக்கியது. "என் தோலைக் கொண்டுபோ. ஒரு பொட்டுத் தண்ணி உள்ள இறங்காது."

"இருங்க, இங்கயே பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் கெம்பி. ஒரு சின்னக் கலயத்தில் கொஞ்சம் கங்குகளைப் போட்டு, கழற்றிக் கொடுத்த எருமைத்தோலால் மூடி, மழையில் கொண்டுபோய் வைத்தாள். தோலில்லாத எருமை நடுங்கிக்கொண்டு சூளையை ஒட்டி நின்றது. சற்றுநேரம் கழித்துத் தோலைத் தூக்கினாள். ஒரு துளி உள்ளே போகவில்லை. ஆனால் கங்கு கறுத்திருந்தது. தோலின் உட்புறம் வேர்த்து வடிந்தது.

"மழை நனைக்கல. ஆனா நெருப்புக்கு மூச்சு முட்டிப்போச்சு" என்றாள் கெம்பி.

"என் கம்பளியில காத்து போகும்" என்று ஆடு முன்னால் வந்தது. கம்பளியைப் போர்த்தி வைத்தபோது முதலில் கங்கு நன்றாகவே சிவந்திருந்தது. எல்லாரும் ஆட்டைப் பார்த்தார்கள். ஆடு நிமிர்ந்து நின்றது. பிறகு கம்பளி மழையைக் குடிக்கத் தொடங்கியது. குடித்துக் குடித்து, தூக்கவே இரண்டு கை வேண்டியதாயிற்று. அடியிலிருந்து ஒழுகிய நீர் கங்கில் விழுந்து 'சுர்' என்றது.

"இதைச் சுமந்துகிட்டு மலை ஏற முடியாது" என்றாள் கெம்பி. ஆடு கம்பளியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

வெள்ளச்சி ஒரு பனையோலையை மடக்கித் தைத்துத் தந்தாள். அது கனமில்லை, நனையவும் இல்லை, காற்றும் போனது. கெம்பிக்கு முகம் மலர்ந்தது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஓலை பறந்துபோய் ஆற்றில் விழுந்தது.

"இங்கயே இப்படின்னா, மேல கணவாயில என்ன ஆகும்?" என்றாள் வெள்ளச்சி.

அதுவரை பார்த்துக்கொண்டிருந்த நீர்க்காகத்துக்குப் பொறுக்கவில்லை. பறந்து வந்து தன் இறகுச்சட்டையைக் கழற்றி நீட்டியது. "என்னுதைப் பாருங்க!"

அதைக் கலயத்தின்மேல் போட்டுப் பார்த்தார்கள். மழை பட்டு உருண்டு ஓடியது. காற்று புகுந்து வந்தது. கனம் என்பதே இல்லை. எல்லாரும் ஆவென்று பார்த்தபோது கருகல் வாடை வந்தது. கலயத்தின் வாயைக்கூட முழுதாக மூடாத சின்னச் சட்டை அது. சூடு பட்டு ஓர் இறகு நுனி சுருண்டுவிட்டது. நீர்க்காகம் பதறிப் பிடுங்கிக்கொண்டது.

கெம்பி தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறகைத் தொட்ட விரல் மினுமினுத்தது. மழையில் நீட்டினாள். விரலில் துளி நிற்கவில்லை.

"சட்டையில ஒண்ணுமில்ல. இந்த எண்ணெயிலதான் இருக்கு" என்றாள் மெல்ல.

ஓடிப்போய் ஒரு சேம்பிலையைப் பறித்து வந்தாள். அகலமான இலை, பச்சை, எளிதில் கருகாது. "கொஞ்சம் எண்ணெய் தர்றியா?"

நீர்க்காகம் தயங்கியது. "தினம் ஊறுற அளவுதான் தருவேன். ஊற்றோட அடியைத் தொட்டுட்டா அப்புறம் ஊறாது."

அது கொடுத்த எண்ணெய் ஓர் இலைக்குத்தான் வந்தது. கெம்பி கலயத்தின் விளிம்பில் மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, காற்று போக இடம் விட்டு, அதன்மேல் இலையைக் கவிழ்த்தாள். மழை உருண்டு ஓடியது. உள்ளே கங்கு சிவந்தது. வெள்ளச்சி கைகொட்டிச் சிரித்துவிட்டாள்.

கெம்பி கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். நெருப்பு போய்ச் சேருகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாமல் நீர்க்காகமும் மரத்துக்கு மரம் பறந்து பின்னால் வந்தது.

பாதி மலைவரை ஒரு குறையும் இல்லை. கணவாயில் ஏறியதும் காற்று எதிரே நின்று அறைந்தது. இலை நடுவில் கிழிந்தது. கெம்பி ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து, கலயத்தின்மேல் குனிந்து, முதுகை மழைக்குக் கொடுத்தாள். தலைமுடி வழியே ஒழுகிய நீரைக் கையால் தள்ளித் தள்ளிவிட்டாள். கங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. எழுந்தால் அணையும். உட்கார்ந்திருந்தாலும் அணையும்.

"இன்னும் ஒரு சரிவுதான்" என்று அவள் அழுதாள். "காலையில அவ பாதத்தைத் தொட்டேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

நீர்க்காகம் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தது. நடுவில் ஒரே ஒரு கங்கு சிவப்பாக இருந்தது. நீர்க்காகம் தலையைத் தூக்கியது. சுற்றிலும் பார்த்தது. பாறையிடுக்கில் ஒரு சேம்பு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் இலை வேணும். எண்ணெய் நான் தர்றேன்" என்றது.

சேம்பு சொன்னது: "இலைக்குப் பூசினா காத்து மறுபடியும் கிழிக்கும். மறுபடியும் பூசணும். என் கிழங்குக்கு ஊத்து. நானே எல்லா இலைக்கும் ஏத்தித் தர்றேன். கிழியக் கிழிய அவ பறிச்சுக்கட்டும். ஆனா கிழங்குக்குக் கொஞ்சமெல்லாம் போதாது."

"முழுக்கவா?"

"முழுக்க."

கெம்பி தலை நிமிர்ந்தாள். "வேண்டாம். அப்புறம் உனக்கு?"

நீர்க்காகம் திரும்பி உட்கார்ந்து, வாலடி ஊற்றை அலகால் அழுத்திப் பிழிந்தது. எண்ணெய் மண்ணில் இறங்கியது. ஊற்றின் அடியையும் இறகில் பூசியிருந்ததையும் சேர்த்து வழித்துக் கொடுத்தது. சேம்பு ஒரு நடுக்கம் நடுங்கியது. தண்டு வழியே ஏதோ ஏறுவது தெரிந்தது. தொங்கிக்கிடந்த இலைகள் மெல்ல நிமிர்ந்தன. குடித்து வைத்திருந்த மழையெல்லாம் முத்து முத்தாக உருண்டு கீழே சிதறியது. ஒரு துளிகூட இலையில் ஒட்டவில்லை.

கெம்பி இலைகளைப் பறித்துக் கலயத்தில் கவிழ்த்தாள். கையிலும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள். ஒரு கங்கை ஊதி இரண்டாக்கினாள், இரண்டை நாலாக்கினாள். ஒன்று கிழிந்தால் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே கடைசிச் சரிவை ஏறினாள். அந்தி சாயும் நேரத்தில் காரைமேட்டில் மாதியின் வீட்டு அடுப்பு எரிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு வீடாக நெருப்பு போயிற்று. பிள்ளையின் பாதத்தைத் தணலுக்கு அருகே காட்டி, தேய்த்து, மறுபடியும் காட்டினார்கள். வெகுநேரம் கழித்து அது வாயைத் திறந்து ஊரே கேட்க அழுதது. மாதியும் சேர்ந்து அழுதாள்.

நீர்க்காகம் கணவாயிலேயே நின்றுவிட்டது. முதல் தடவையாக மழை அதன் தோல்வரை இறங்கியிருந்தது. சிறகைத் தூக்க முடியவில்லை. பாறைக்குப் பாறை தத்தித் தத்தி, விழுந்து எழுந்து, விடியும்போது ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. பசி. வழக்கம்போல ஆற்றில் இறங்கியது.

இறங்கியதும் மூழ்கியது.

செத்தோம் என்று நினைத்தது. தண்ணீர் மேலே மூடிக்கொண்டது, வெளிச்சம் பச்சையாக மங்கியது. கால்களை உதறியது. உதறிய வேகத்தில் உடம்பு முன்னால் போயிற்று. இன்னும் உதறியது, இன்னும் ஆழம் போயிற்று. கண்ணை விழித்துப் பார்த்தால், ஆற்றின் அடியில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே விராலும் கெளுத்தியும் பெரிது பெரிதாக நின்றன. இத்தனை காலம் இவற்றின் தலைக்குமேல் மிதந்துகொண்டிருந்தோம் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது.

மழை வெறித்த பிறகு கெம்பி அதைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தாள். நீர்க்காகம் ஒரு பாறைமேல் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது.

"உன்னை இப்படிப் பாக்கறதுக்கு எனக்கு மனசு கேக்கல. சேம்புகிட்ட பேசிட்டேன். கிழங்கைக் கீறினா எண்ணெயைத் திருப்பித் தர்றேன்னு சொல்லுது" என்றாள் கெம்பி.

நீர்க்காகம் ஆற்றைப் பார்த்தது.

"வேண்டாம். அதை வாங்கிக்கிட்டா மறுபடியும் மேலயே மிதக்கணும். கீழ இன்னும் நான் பாக்காத இடம் நிறைய இருக்கு" என்றது. சொல்லிவிட்டு, ஈரம் முழுக்கக் காயும்முன்பே சிறகை மடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தது.

நீர்க்காகம் மூழ்கி எழும் ஒவ்வொரு முறையும் கரையில் சிறகை விரித்து வெயில் காய்வதும், எவ்வளவு மழை பெய்தாலும் சேம்பிலையில் ஒரு துளி ஒட்டாமல் உருண்டு ஓடுவதும் அன்று தொடங்கியதுதான்.