வெந்நீர் வழக்கு

ஒரு சமையலறையில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. போன வருஷம் ஏதோ ஒரு கரண்டி ஈரத்தோடு உள்ளே இறங்கியதில், அதன் மாங்காய் ஊறுகாய் மொத்தமும் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் ஆறாத ஜாடி இந்த வருஷம் உத்தரவு போட்டது.

"எனக்குள் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கொதிக்கிற தண்ணீரில் முங்கி, வெயிலில் காய்ந்துவிட்டுத்தான் வரவேண்டும். முடியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை."

கொட்டாங்கச்சி அகப்பைக்குத் திக்கென்றது. அதன் பிழைப்பே அந்த ஜாடிதான்.

"அம்மா, நாங்கள் தென்னை வம்சம். அடுப்பில் ஏறிய தண்ணீர் மேலே படுவது எங்கள் சாமிக்கு ஆகாது. நான் குழம்புப் பக்கமே போனதில்லை, பார்த்திருப்பீர்களே."

"உன் சாமி வந்து என் பூஞ்சையைத் துடைப்பாராக்கும்?"

வழக்கு குக்கரிடம் போனது. விலக்குக் கிடைக்கலாம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், எவர்சில்வர் கரண்டிகளுக்கெல்லாம் பக்தி பொங்கிவிட்டது. அவையும் வரிசையில் வந்து நின்றன.

குக்கர் முதல் கரண்டியைக் கேட்டது. "நேற்று ரசத்தில் நீச்சல் அடித்தாயே, அது சூடில்லையா?"

"ஐயா, அது ரசம். எங்கள் மதத்தில் பெருங்காயம் போட்டிருந்தால் தோஷமில்லை."

குக்கர் உள்ளுக்குள் புகைந்து, விசில் அடித்துத் தீர்ப்புச் சொன்னது. "யார் தலையிலும் பலவந்தமாக வெந்நீர் ஊற்றக்கூடாது. முங்காமல் ஊறுகாய்க்குள் இறங்கவும் கூடாது. சாமி தடுக்கிறது என்பவர்களை வேலையை விட்டு அனுப்பவேண்டாம், உப்புச் சட்டிக்கு மாற்றுங்கள். உப்பில் பூஞ்சை வராது."

"உப்பா? எண்ணெய் வாசனைகூட இருக்காதே" என்றது ஒரு கரண்டி.

அடுத்த நிமிஷம் வெந்நீர் அண்டாவின் முன்னால் தள்ளுமுள்ளு. கரண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உள்ளே குதித்தன.

அகப்பை மட்டும் ஜாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உப்புச் சட்டிக்குள் இறங்கியது.

வெயிலில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்த முதல் கரண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன அகப்பை, உன் சாமி கடைசியில் உனக்கு உப்பைத்தானே கொடுத்தார்?"

"ஆமாம் தம்பி" என்றது அகப்பை. "உன் சாமியை எங்கே காணோம்? அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயா?"