ஒற்றைக் கையில் பட்டன்

அந்தப் பழைய அரசு ஆஸ்பத்திரியில் சிரிப்புச் சத்தம் கேட்ட ஒரே அறை செண்பகவல்லியுடையதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்கு அன்றாட வேலைகளை அங்கேதான் திரும்பப் பழக்கினார்.

ஒருநாள் மேற்பார்வை அதிகாரி மூன்று தடவை செருமிக்கொண்டு நுழைந்தார். “க்கும்! பட்டன் போடக் கத்துக்கொடுக்க ஒரு டிபார்ட்மெண்டா? நாளைக்கே பூட்டும்மா!”

“பூட்டிடலாம் சார். வலது கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, உங்க சட்டைப் பட்டனைக் கழட்டி மாட்டிக் காட்டுங்க, போதும்.”

பட்டன்கள் சுலபமாகக் கழன்றன. மாட்டத்தான் வரவில்லை. பனியன் தெரிய, வியர்த்து நின்றார்.

பயிற்சிக்கு வந்திருந்த, வலது கை விழுந்துபோன அந்தோணிமுத்து எழுந்து வந்து, இடது கையாலேயே எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். “கவலைப்படாதீங்க சார். புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான். மூணு வாரத்துல வந்துடும்!”

அறை பூட்டப்படவே இல்லை. ஓய்வுபெற்ற பிறகும், சட்டை மாட்டும் யாரைப் பார்த்தாலும் செண்பகவல்லிக்கு அந்தப் பனியன்தான் நினைவுக்கு வருகிறது.