ரத்தம் காணாத வாள்

முன்னே ஒரு காலத்திலே, மழை வேண்டுமென்றால் மேகத்துக்கே ஓலை அனுப்பும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஒரே வீச்சில் ஏழு யானைகளை வெட்டினாராம். எட்டாவது யானை அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே செத்துப்போனதாம். அந்த வாள் ஆயுதசாலையில் பூவும் சந்தனமுமாக வீற்றிருந்தது.

ஒருநாள் வாளின் பிடி ஆடுவதாக ராஜாவுக்குத் தோன்றியது. கொல்லன் உலகனைக் கூப்பிட்டார்கள். அவன் பிடியைக் கழற்றினான். உள்ளே மறைந்திருந்த இரும்பில் ஒரு சின்ன நண்டு முத்திரை.

"சாமி, இது எங்கப்பா முத்திரையாச்சே! அவர் அடிச்ச வாளுங்க!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். பாவம், அரண்மனைக்குப் புதுசு.

ஆயுதசாலை அதிகாரி செண்பகராயர் கொதித்தார். "மகாராஜா! தெய்வ வாளைத் தன் அப்பன் உலையில் பிறந்தது என்கிறான். இந்தக் கை இனி இருக்கலாமா?"

"கூடாது. வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

விகடகவி அம்பலத்தாடி சேதி கேட்டுச் சபைக்குள் வந்தபோது உலகனின் வலது கையைப் பலகையில் கட்டியிருந்தார்கள். வழக்கமாக அவர் தலையைக் கண்டாலே சபை சிரிக்கும். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கண்ணால் கண்டதைச் சொன்னவனுக்கு இதுவா பரிசு, மகாராஜா?"

"கொள்ளுப்பாட்டனாரே வந்து 'இது என் வாள் இல்லை' என்று சொல்லட்டும், நம்புகிறேன். இல்லையேல் உம் கையையும் பக்கத்தில் கட்டுவோம்."

செண்பகராயர் மீசைக்குள் சிரித்தார். அதைப் பார்த்ததும் அம்பலத்தாடிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"அவர் எதிரேதான் நிற்கிறார்" என்று சொல்லி, சபைக்கு எதிரே இருந்த ஆயுதசாலைக்கு விறுவிறுவென்று நடந்தார். வாசல் கல்லில் விரற்கடைக் கனத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து அழுத்தித் துடைத்தார். கல்லில் வெட்டியிருந்த கொள்ளுப்பாட்டனாரின் ஆணை தெரிந்தது. சபை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"என் வாளை உருவினால் ரத்தம் காணாமல் உறையில் இடலாகாது. இட்டவன் தலை போகும்."

பிறகு திரும்பினார். "செண்பகராயரே, வாளுக்கு எண்ணெய் பூசுவது யார்?"

"நானேதான்! முப்பது வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை."

"உருவித்தானே பூசினீர்?"

"பின்னே, உறைக்கா பூசுவார்கள்?"

"பூசிவிட்டு உறையில் இட்டீர். யார் ரத்தத்தைக் காட்டினீர்?"

செண்பகராயரின் மீசை தொங்கிப்போயிற்று.

"சொல்லுமய்யா! அது அவர் வாள் என்றால் உம் தலை போகும். தலை வேண்டுமென்றால் அது அவர் வாள் இல்லை. எது வேண்டும் உமக்கு?"

செண்பகராயர் தடாலென்று விழுந்தார். "அவர் வாள் இல்லை, மகாராஜா! கூரை ஒழுகி, அசல் வாள் துருவாய் உதிர்ந்துபோச்சு. பயந்துபோய் இவன் அப்பனிடம் ரகசியமாக வேறொன்று அடித்து வாங்கினேன்!"

ராஜா வாயைப் பிளந்தார். "முப்பது வருஷமாகத் துருவின் வாரிசுக்கா தேங்காய் உடைத்தேன்!" என்று தொந்தி குலுங்கச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

"சிரித்தது போதும்!" என்று கத்தினார் அம்பலத்தாடி. "அவன் கை இன்னும் பலகையில் இருக்கிறது!"

ராஜா தாமே போய்க் கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார். கன்றிப்போயிருந்த அந்த மணிக்கட்டில் தம் தங்கக் கங்கணத்தைப் போட்டார். செண்பகராயரைக் கூரை ஒழுக்கு அடைக்க ஏணியில் ஏற்றினார். கடைசியாக அம்பலத்தாடிக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, "இன்னுமா கோபம்?" என்று கேட்டார்.

"இருக்கிறது, மகாராஜா. சால்வையைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இல்லை."

ராஜா மறுபடி சிரித்தார். இந்தத் தடவை உலகனும் சிரித்தான்.