யாருடையது முதலில் திறக்கும்?

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் மூன்று மேலாளர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு லேப்டாப் வாங்கினார்கள். கணக்குப் பிரிவு நாச்சிமுத்துவுக்குப் புது விண்டோஸ் வேண்டும். டிசைன் பிரிவு ஜெகதாம்பாளுக்கு லினக்ஸ். சோதனைக்கூடத்து அருணகிரிக்கோ, அங்கிருக்கும் பழைய மிஷினுக்குப் பொருந்துகிற பழைய விண்டோஸ்தான் வேண்டும். இந்த மூன்று இயங்குதளங்களையும் அதில் ஏற்றும் வேலை தற்காலிக ஊழியரான பூங்கொடியிடம் வந்தது.

ஏற்றுவதில் அவளுக்குச் சிரமமில்லை. ஆனால் மூவரும் தனித்தனியாக அவளைக் கூப்பிட்டு ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "பட்டனை அழுத்துனதும் என்னோடதுதான் முதல்ல திறக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்."

அன்று மதியம் பூங்கொடி சாப்பிடப் போகாமல் லேப்டாப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் முதலாளி அறையில் எல்லோரும் கூடினார்கள். "யாரோடதும்மா முதல்ல வருது?" என்று நாச்சிமுத்து மிடுக்காகக் கேட்டார்.

பூங்கொடி பட்டனை அழுத்தினாள். திரையில் மூன்று இயங்குதளங்களின் பெயர்களும் பக்கம் பக்கமாக வந்து நின்றன. எதுவும் தானாகத் திறக்கவில்லை.

"நாம ஒண்ணைத் தொடுற வரைக்கும் இது காத்திருக்குங்க சார். காலையில ஆபீசுக்கு யார் முதல்ல வர்றீங்களோ, அவங்களோடது முதல்ல திறக்கும்."

பதினோரு மணிக்கு முன்னால் அந்த மூவரையும் ஆபீசில் யாரும் பார்த்ததே கிடையாது. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நியாயமான ஏற்பாடு. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் எட்டரைக்குப் பூங்கொடி வந்தபோது வாட்ச்மேன் இன்னும் பூட்டைத் திறக்கவில்லை. கதவோரம் மூன்று மேலாளர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.