ஏழு ஓலையில் ஒரு வேண்டுகோள்

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை அருமாறன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். காலையில் சிரிப்பார், மத்தியானம் சீறுவார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவையில் இருமவே துணிவார்கள்.

ஒரு கோடையில் பகைவன் படை ஆற்றுக்கு அக்கரையில் வந்து இறங்கியது. தண்ணீர் வற்றினால் இக்கரைக்கு வந்துவிடும். பக்கத்துக் குன்றூர் அரசர் படை அனுப்பினால்தான் தப்பலாம். மூன்று கடிதம் போயிற்று. பதிலே காணோம்.

அரண்மனைக்குப் பனையோலை நறுக்கிக் கொடுப்பவள் செங்கமலம். அவள் புருஷன் கோட்டை மதிலில் காவல். பதில் வராத ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்படி என்னதான் எழுதுகிறார்கள்?" என்று கடிதத்தின் பிரதியை எடுத்துப் படித்தாள்.

எந்தக் கடிதமானாலும் தங்கள் அரசரைப் புகழ்ந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அவைப்புலவர் செழுஞ்சொல்லார் ஆறு ஓலைக்குப் புகழ்ந்திருந்தார். ஏழாவது ஓலையின் ஓரத்தில், 'படை அனுப்புக.' புகழுக்கு நடுவிலே, 'குன்றூரானின் பாட்டனைக் குதிரையிலிருந்து தள்ளி, முடியைப் பறித்த வம்சத்தார்' என்று ஒரு வரி!

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை நேரே அவைக்குப் போய் நின்றாள்.

"ஓலை நறுக்குகிறவளுக்கு இங்கே என்ன வேலை?" என்றார் புலவர்.

"மகாராஜா, ஒரு கடிதம். படிக்கட்டுமா?"

"படி, படி!" என்றார் அரசர்.

"அருமாறனின் பாட்டனைக் குதிரையிலிருந்து தள்ளி, முடியைப் பறித்த வம்சத்துக் குன்றூர் அரசர் எழுதுவது: எங்களுக்கு உடனே படை அனுப்புக."

அரசர் சிம்மாசனத்திலிருந்து எகிறிக் குதித்தார். "என் பாட்டனையா? படையா கேட்கிறான்? ஒரு கழுதையைக்கூட அனுப்பமாட்டேன்!"

"அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், மகாராஜா. இது நாம் அனுப்பியது. பெயர்களை மட்டும் மாற்றிப் படித்தேன்."

அரசர் அவளைப் பார்த்தார், புலவரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருந்தாலும் வழக்கத்தை மீறலாமா?" என்று முனகினார் புலவர்.

"கோட்டையே போய்விட்டால் வழக்கத்தை எங்கே ஓய் கொண்டுபோய் வைப்பீர்? அம்மா, நீயே எழுது."

ஒரே ஓலையில் எழுதினாள்: 'ஐயா, ஆறு வற்றுகிறது. எங்கள் கோட்டை விழுந்தால் அடுத்தது உங்கள் வாசல்தான். உங்கள் வீரர்களுக்குச் சோறும் குதிரைகளுக்குப் புல்லும் தயார். சீக்கிரம் வாருங்கள்.'

ஐந்தாம் நாள் குன்றூர்ப் படை வந்து சேர்ந்தது. கோட்டையில் இரண்டு கொடிகளைப் பார்த்த பகைவன் கூடாரத்தைச் சுருட்டினான். செங்கமலத்தின் புருஷன் மதிலைவிட்டு இறங்கி வந்து நாலு ஆள் சோற்றைச் சாப்பிட்டான். அவளும் சளைக்கவில்லை.

அன்று முதல் அரசர் கடிதமெல்லாம் அவள் பொறுப்பு. புலவருக்கு? குன்றூருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதும் வேலை. அதில் அருமாறன் பெயர் ஒரே ஒரு தடவைதான் வரலாம் என்று உத்தரவு. பாவம் மனிதர், மூன்று நாளாக எழுத்தாணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.