சேறு பூசிய சட்டை

காசிமேட்டில் ஒரு கால்பந்து சங்கம். அதன் தலைவர் கஜபதிக்குத் தன் தீர்ப்பு தராசு முள் மாதிரி என்று நினைப்பு. எதிராளியை முழங்கையால் இடித்ததாக நடுவர் சொன்னதைக் கேட்டு, வேறொரு அணியில் ஆடும் தில்லி என்ற பையனுக்கு ஓராண்டு தடை போட்டார். அதே குற்றத்துக்குப் போன மாதம் தன் சொந்த அணிக்காரனுக்குக் கொடுத்தது இரண்டே ஆட்டம். அடுத்த மாதம் துறைமுக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தடை நீடித்தால் தில்லிக்கு அந்த வேலை கிடைக்காது.

மைதான வாசலில் சுண்டல் விற்கும் அவன் அக்கா அமுலு, சங்கக் கூட்டத்துக்கே வந்து நின்றாள்.

"நான் சட்டை நிறம் பார்த்துத் தண்டனை கொடுக்கறேன்னு நிரூபி. தடையை இப்பவே எடுத்துடறேன்," என்றார் கஜபதி.

அமுலு செல்போனை நீட்டினாள். மழையில் நடந்த ஆட்டம். தலை முதல் கால் வரை சேறு அப்பிய ஒருவன், அதேபோல் சேறான இன்னொருவனை முழங்கையால் இடித்தான்.

"இதுக்கு எவ்வளவு தலைவரே?"

கஜபதி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "யாரு இவன்? நம்ம டீமா?"

"முழங்கை நல்லாத் தெரியுதே."

"ஆளு தெரியாம எப்படிம்மா சொல்றது?"

உறுப்பினர் ஒருவர் இருமினார். நம்ம பையனாக இருந்துவிட்டால் என்ற கவலை தலைவர் முகத்தில் ஓடியது.

"சேத்துல வழுக்கியிருப்பான். ரெண்டு ஆட்டம் போதும்," என்றார்.

"அது என் தம்பி தில்லி. நீங்க ஓராண்டு போட்ட இடி இதுதான்."

அமுலு போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"ரெண்டுல ஒண்ணு போன ஞாயிறே கழிஞ்சுது. வர்ற ஞாயிறு அவனைச் சுண்டல் விக்க வெச்சுக்கறேன்."