மிதித்தால் இறங்கும் பெடல்

நாச்சிமுத்துவின் கரும்பு டிரெய்லரில் ஏறிவிட்டது. மாலைக்குள் ஆலை சேராவிட்டால் அவருடைய முறை அடுத்தவருக்குப் போகும். வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறையும். வழியில் வாய்க்கால் பாலத்துக்குச் செங்குத்தான இறக்கம். பழைய டிராக்டருக்கோ பிரேக் இல்லை.

மெக்கானிக் சாதிக் பிரேக் ஆயில் கசிந்த ரப்பரை மாற்றினார். இனிக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருப்பார். இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளை, அதாவது காற்றுப் போக விடும் சிறு திருகை, திறப்பார். ஆயிலோடு காற்று வெளியேறும். நிப்பிளை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்கலாம். முந்தினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

சாதிக்குக்குத் தோள் பிசகியிருந்ததால் அவர் பெடலை மிதித்தார். கீழே ஸ்பேனரோடு படுத்தவர் நாச்சிமுத்து. மடையைத் திறந்ததும் வயலின் மறுமுனைக்கு "ஆச்சு" என்று குரல் கொடுத்தே பழகியவர். ஆயில் ஊற்றியவள் அவர் மகள் சுகந்தி. டிராக்டர் ஓட்டுவதும் அவள்தான்.

"தெறங்க" என்பார் சாதிக். "ஆச்சுங்க" என்று கீழிருந்து குரல் வரும். சாதிக் காலை எடுப்பார். இப்படியே பலமுறை செய்தார்கள். பிறகு சுகந்தி ஏறி மிதித்தாள். பெடல் அடிவரை இறங்கியது. விடாமல் மிதித்தால்தான் கெட்டிப்பட்டது.

"நாலு மிதிக்கு நிக்குதில்ல அம்மிணி, மெதுவாப் போயிட்டு வாங்க" என்றார் சாதிக்.

"எறக்கத்துல நாலு மிதி மிதிக்கற வரைக்கும் லோடு காத்துக்கிட்டு நிக்குமாண்ணா?"

அவள் சாவியை உருவிக்கொண்டாள். பயமாக இருந்தால் இறங்கிக்கொள், நானே ஓட்டுகிறேன் என்றார் அப்பா.

"பயந்தானுங்கப்பா. அதனாலதான் உங்களுக்கும் சாவி தரமாட்டேன்."

இன்னும் ஒருமுறை காற்றெடுக்க மட்டுமே ஆயில் மிச்சம். தவறு எங்கே என்று தெரியாமல் அதையும் ஊற்றமாட்டேன் என்றாள். சொல்லுக்கு முன் காலை எடுக்கவில்லை என்று சாதிக் சத்தியம் செய்தார். சொன்னபடி திறந்தேன், மூடினேன் என்று நாச்சிமுத்து சத்தியம் செய்தார். இருவரும் சொன்னது உண்மை.

அப்படியானால் காற்றை உள்ளே விட்டது யார்? சாவியைத் தர மறுத்தவள் செய்தது சரியா?

விடை: இருவரும் சேர்ந்துதான் விட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு "ஆச்சு" என்றால் திறந்தாயிற்று. சாதிக்கின் பட்டறையில் "ஆச்சு" என்றால் மூடியாயிற்று. நிப்பிள் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு முறையும் கால் மேலே வந்தது. இதைக் கண்டுபிடித்த சுகந்தி, "மூடியாச்சு" என்று சொல்லவைத்துக் கடைசி ஆயிலை ஊற்றினாள். முதல் மிதியிலேயே பெடல் நின்றது. ஆனால் ஆலையில் முறை போய்விட்டது. மறுநாள் கரும்பு எடை குறைந்துதான் இறங்கியது. அந்த நஷ்டத்தையும் கணக்கில் வைத்தே சொல்கிறேன்: அவள் செய்தது சரி.